சின்ன மாப்பிள்ளைக்கு ஈரத்தரை ஒத்துக்காது

மார்ச் 4

சகலை அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இந்தப் பொட்டலத்தை அனுப்புவது என் யோசனை இல்லை. அக்காளும் தங்கையும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். நீங்களும் நானும் பேசி மூன்று வருடம் ஆகிறது. அதை இப்போது போனில் ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் இந்தத் தாள்.

விஷயம் இதுதான். வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியின் மேல் வைத்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறையும். மதியத்துக்கு மேல் திரும்ப வந்து, முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் முழுக்க இழுக்கும். அருங்காட்சியகத்தில் எனக்கு ஆறாம் கூடம் என்பது உங்களுக்குத் தெரியும். பானைகள். உடைந்து, ஒட்டவைத்த பானைகள். இருபத்திரண்டு வருடமாகக் கல் தரையில் தினம் ஒன்பது மணி நேரம் நிற்கிறேன். காவலர் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. அந்தப் பானைகளைத் திருட இதுவரை எவனும் வந்ததில்லை. வந்தாலும் இப்போது என்னால் துரத்த முடியாது.

போன மாதம் நான் தூணில் சாய்ந்து நின்றதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். ஜூன் 11ஆம் தேதி அலுவலக மருத்துவர் முன்னால் நிற்க வேண்டுமாம். சும்மா பேச்சுக்கு இல்லை, ஒரு மணி நேரம் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் உடல் தகுதி இல்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

ஷூவுக்குள் வைக்கிற இன்சோலுக்காகக் கால் டாக்டர் கொடுத்த சீட்டும், என் பாதங்களை அழுத்தி அச்செடுத்த நுரைப்பெட்டியும் உள்ளே இருக்கின்றன. பழைய ஷூ ஒரு ஜோடி வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம். அதையும் வைத்திருக்கிறேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெரிய சகலை


மார்ச் 15

சகலை அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. நுரைப்பெட்டி உடையவில்லை. சீட்டும் தெளிவாக இருக்கிறது. ஷூவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் கேட்டது தேய்ந்த ஷூ. நீங்கள் அனுப்பியிருப்பது புது ஹீல் அடித்து, புது லேஸ் கோத்து, முகம் பார்த்துத் தலை வாருகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ. உள்ளே இருந்த மெத்தையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு ஆள் எப்படி நிற்கிறான், எந்தப் பக்கம் சாய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அவன் ஷூவின் ஹீலுக்குத் தெரியும். நான் சாட்சியைக் கேட்டேன். நீங்கள் சாட்சியைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி அனுப்பியிருக்கிறீர்கள்.

சீட்டில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்துவிடலாம். நுரையில் பிளாஸ்டர் ஊற்றி உங்கள் பாதத்தை வார்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சுடவைத்துப் படியவைத்து, ஓரம் தேய்த்துக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற மெத்தை எல்லாக் காலுக்கும் பொது. இது ஒரு காலுக்கு மட்டும். குதிகாலில் மொத்தமாக இறங்குகிற பாரத்தைப் பாதம் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இதன் வேலை. பங்கைத் தப்பாகப் போட்டால் இருக்கிற வலியோடு இன்னொன்று சேரும். இங்கே பட்டறையில் நாங்கள் நாலு பேர், எங்களுக்கு மேல் மலை மாதிரி வேலை. ஒன்றையே இரண்டு தடவை செய்ய எனக்கு உடம்பில் தெம்பு கிடையாது.

வேறு தேய்ந்த ஷூ இருந்தால் அனுப்புங்கள். தயவுசெய்து அதைத் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சின்ன சகலை


மார்ச் 24

சகலை அவர்களுக்கு,

இப்போது காலில் இருக்கிற புது ஜோடியைத் தவிர எனக்கு வேறு ஷூ கிடையாது. அலுவலகத்தில் கொடுப்பது வருடத்துக்கு ஒன்று. பழசைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், போன வருடத்து ஜோடியை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

தேய்ந்த ஷூவை இன்னொருவர் கைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதுவும் உங்கள் கைக்கு. என் கால் போன லட்சணம் உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். டாக்டர் வீட்டுக்குப் போகும்போது நோயை வீட்டில் வைத்துவிட்டுப் போன கதையாகிவிட்டது.

ஆனால் அதோடு விடவில்லை. புது ஹீல் அடித்துக்கொடுத்த தெருமுனை ஷூ ரிப்பேர்க்காரரிடம் போனேன். பிடுங்கிப் போட்ட பழைய ஹீல்களை அவர் ஒரு பெயிண்ட் டப்பாவில் சேர்த்து வைப்பாராம், சின்னச் சின்ன ஒட்டுக்கு உதவும் என்று. விஷயத்தைச் சொன்னதும் டப்பாவைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்தார். இருநூறு முந்நூறு இருக்கும். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். "புது ஹீலு கேட்டு ஊரே வருது. பழசத் தேடி வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். போன மழையில் ஹீல் ஆடியபோது நானே ஒரு பித்தளை ஆணி அடித்திருந்தேன். அந்த ஆணியை வைத்துத்தான் என்னுடையதைக் கண்டுபிடித்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை, அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

இரண்டு ஹீலும் உறையில் இருக்கின்றன. துடைக்கவில்லை.

பெரிய சகலை


ஏப்ரல் 3

சகலை அவர்களுக்கு,

ஹீல்கள் வந்தன. பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், ஷூ இல்லாமல் ஹீலை மட்டும் உறையில் வைத்து அனுப்பியவர் நீங்கள்தான். இதை நக்கலாகச் சொல்லவில்லை.

வலது ஹீல் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது. இடது ஹீல் வெளிப்பக்கம், பின் மூலையில் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் பாதத்தில் மட்டும் கோளாறு என்று விட்டுவிடலாம். இப்படி ஆளுக்கொரு பக்கம் தேய்ந்தால் கால் நீளத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு கால் இன்னொன்றைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம். நீளமான காலில் பாதம் உள்பக்கமாகச் சரிந்துகொடுக்கும். அந்தச் சரிவுதான் வலது குதிகாலையும் ஆடுசதையையும் இழுக்கிறதோ என்னவோ. டாக்டர் உங்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பாதத்தை மட்டும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதை முடிவு செய்ய வேண்டியது நான் இல்லை, அவர். ஒரு குறிப்பு எழுதி இணைத்திருக்கிறேன். அதைக் காட்டி, நிற்கவைத்து அளக்கச் சொல்லுங்கள். புதுச் சீட்டு வந்த பிறகுதான் தகட்டை வெட்டுவேன். நாள் குறைவாக இருக்கிறது, தெரியும்.

சின்ன சகலை


ஏப்ரல் 16

சகலை அவர்களுக்கு,

அளந்தார்கள். மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக இடது காலுக்கு அடியில் வைத்து, இடுப்பு சமமாகிறதா என்று பார்த்தார்கள். இடது கால் ஒன்பது மில்லிமீட்டர் குட்டையாம். இடது பக்கம் உயரம் வைக்கச் சொல்லிப் புதுச் சீட்டு கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன்.

நீங்கள் அந்த உயரத்தை வைக்க வேண்டாம். முன்னால் சீட்டில் இருந்தபடி செய்து அனுப்புங்கள், போதும். உடை மாற்றும் அறையில் பன்னிரண்டு பேர் ஒன்றாக ஷூ மாற்றுகிறோம். ஒரு ஷூவில் மட்டும் கட்டை இருந்தால் மறுநாளே எனக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். ஐம்பத்தாறு வருடம் நேராக நின்றவன் நான். எங்கள் குடும்பத்தில் நொண்டி யாரும் கிடையாது. நானும் ஆகப்போவதில்லை. நீங்கள் நன்றாக நிமிர்ந்து நடக்கிற ஆள், உங்களுக்கு இது புரியாது.

எழுத ஆரம்பித்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். அத்தை இறந்த அன்று நடந்ததற்கு நான் மட்டும்தான் காரணம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. என்ன நடந்தது? அத்தையை எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். நீங்கள் மட்டும் ஷூவோடு வாசலில் கம்பம் மாதிரி நின்றீர்கள். கழற்றிவிட்டு வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அசையவில்லை. பத்து வருடம் அத்தையை வைத்துப் பார்த்தவன், மூன்று நாள் தூங்காதவன். வாயில் வந்துவிட்டது. "செருப்புக்குள்ள அட்டை வெக்கிறவருக்கு செருப்பக் கழட்ட மனசு வரலியோ" என்றேன். நீங்கள் திரும்பித் தெருவுக்குப் போய்விட்டீர்கள். அத்தை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சொன்னது தப்புதான். ஆனால் என் மனத்தாங்கலும் உங்களுக்குத் தெரியட்டும். அத்தை இருந்தவரை உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். என் வீட்டிலேயே நான் இரண்டு நிமிடத்துக்கு வந்துபோனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். நீங்கள் வந்தால், "சின்ன மாப்பிள்ளைக்கு ஈரத்தரை ஒத்துக்காது, சளி பிடிச்சுக்கும், அப்படியே வரட்டும்" என்பார். வாசல் பக்கத்திலேயே நாற்காலியும் போடுவார். எனக்கும்தான் ஈரத்தரை ஒத்துக்கொள்ளாது. யார் கேட்டார்கள்?

பெரிய சகலை


ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

உங்கள் குடும்பத்தில் நொண்டி ஒருவன் இருக்கிறான். பதினெட்டு வருடமாக இருக்கிறான்.

என் வலது கால் இருபத்தைந்து மில்லிமீட்டர் குட்டை. ஒன்பது வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் அந்தக் கால் மற்றதோடு சேர்ந்து வளரவில்லை. பத்து மில்லிமீட்டர் ஷூவுக்குள் வைக்கிறேன், மீதியை அடிப்பாகத்தில். வெளியில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்படி நானே செய்துகொள்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். நிமிர்ந்து நடக்கிற ஆள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நிமிர்த்தியது அட்டை, அண்ணா.

ஷூவைக் கழற்றினால் நான் ஒரு பக்கமாக விழுந்து விழுந்து நடப்பேன். அதை என் மனைவியைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன், அதனால்தான் அண்ணிக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவை வந்தபோது அவராகவே சொன்ன பொய்தான் அந்த ஈரத்தரை. எனக்குச் சளியே பிடிக்காது.

அத்தை போன அன்று எனக்காகப் பொய் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. வாசலிலிருந்து அவரைக் கிடத்தியிருந்த இடம் பதினைந்து அடி இருக்கும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகலாம், போய்த்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் நீங்கள் பார்த்த கம்பம். கடைசியில் லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். குனிந்தபோதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள்.

இதை எழுத மூன்று வருடம் ஆகியிருக்கிறது. எழுதியதும் பாரம் குறையும் என்று நினைத்தேன், களைப்புத்தான் மிஞ்சுகிறது.

இன்சோல் உள்ளே இருக்கிறது. டாக்டர் சொன்ன உயரத்தை வைத்திருக்கிறேன். ஒரேயடியாக ஒன்பது வேண்டாம், முதலில் ஆறு என்று அவரே எழுதியிருக்கிறார். வலது பக்கமும் அதே தடிமன் தெரிகிற மாதிரி வெறும் ஓரம் கட்டியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் இல்லை, நூறு பேர் பார்த்தாலும் தெரியாது. அந்த வித்தையில் எனக்குப் பழக்கம் அதிகம்.

முதல் நாள் ஒரு மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சீட்டின் கடைசி வரியைப் படித்தீர்களா என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்.

அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

சின்னவன்


மே 9

தம்பிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். இதைவிட நன்றாகச் சொல்ல வரவில்லை.

நீங்கள் குனிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுதான் கொடுமை. தலையைக் குனிந்து என்னை அலட்சியம் செய்கிறார் என்று நினைத்தேன். என் வேலையே பார்ப்பது. பானைக்குப் பக்கத்தில் எவன் எப்படிக் கையை நீட்டுகிறான் என்று முப்பதடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன். பதினெட்டு வருடம் என் வீட்டுக்கு வந்துபோன மனிதரின் காலைப் பார்க்கத் தெரியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரியாகப்போயிற்று.

இன்சோல் வந்த மறுநாள் ஒன்பது மணி நேரமும் அதைப் போட்டே நின்றேன். ஒரு மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருந்தது தெரியும். வேண்டுமென்றேதான் செய்தேன். இப்போது வலது பாதத்தின் நடுவில் கொப்புளம், இடது இடுப்பில் புது வலி. படியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறேன்.

கடைசி வரியையும் படித்தேன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஷூவோடு என் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. உங்கள் அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன நிற்கிறீர்கள் என்றாள். கடைசியில் கழற்றிவிட்டே போனேன். நீங்கள் எவ்வளவு நேரம் அங்கே நின்றிருப்பீர்கள் என்று அப்போது தெரிந்தது.

பெரியவன்


மே 17

அண்ணனுக்கு,

இது பிராயச்சித்தம் செய்கிற சாமான் இல்லை. எடுத்து வைத்துவிட்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். கொப்புளம் ஆறியதும் மறுபடி ஒரு மணியிலிருந்து ஆரம்பியுங்கள். ஐம்பத்தாறு வருடமாக ஒரு விதமாக நின்ற உடம்பு, புது விதத்துக்குப் பழக அவகாசம் கேட்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் பாதத்தை முன்னும் பின்னும் மடக்குங்கள். பிறகு சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் வைத்தபடி ஆடுசதையை இழுத்துவிடுங்கள். கொப்புளம் வந்த இடத்தைத் தாளில் வரைந்து, வலது இன்சோலோடு அனுப்புங்கள். தேய்த்துத் தருகிறேன். இடுப்பு வலி ஒரு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். என்னிடம் வர வேண்டாம்.

முழுக்கக் குணமாகும் என்று எழுத மாட்டேன். பாதி குறைந்தாலே நல்லது. ஒரு மணி நேரம் நிற்க அது போதும்.

மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். அத்தை முகத்தைப் பார்க்காமல் வந்தது இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் இனி முடியாது. போதும்.

விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று இவள் கேட்கிறாள். அவளும் பிள்ளைகளும் வரட்டும். என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

சின்னவன்


ஜூன் 14

தம்பிக்கு,

நின்றுவிட்டேன். ஐம்பது நிமிடம் வரை நன்றாக நின்றேன், கடைசிப் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் ஷூவைக் கழற்றச் சொல்லி இன்சோலை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். என் சகலை என்றேன். இன்னும் ஒரு வருடத்துக்குத் தகுதி எழுதிவிட்டார். கூடவே, மணிக்கு ஐந்து நிமிடம் காவலரை உட்காரவைக்க வேண்டும் என்றும் எழுதினார். நேற்று ஆறாம் கூடத்தில் ஒரு நாற்காலி வந்திருக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் மேலிருந்தே பார்த்த பானைகளின் வயிற்றில் கோலம் மாதிரிக் கோடுகள் இருக்கின்றன, இப்போதுதான் தெரிந்தது.

வலி போகவில்லை. பாதியாகிவிட்டது. காலையில் ஆணி இல்லை, சின்னக் கல் மாதிரி இருக்கிறது. நீங்கள் எழுதியதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அண்ணிக்கும் தெரியாது. என் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஷூவோடு கூடத்தில் நடந்தேன். அவளுடைய சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "எனக்கு ஒரு கால் குட்டை. வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். இனிமே இந்த வீட்ல யாரும் கழட்ட வேண்டாம்" என்றேன். சித்தப்பா என் காலையே பார்த்தார். பார்க்கட்டும் என்று கூடத்தில் இன்னொரு தடவை நடந்தேன். உடை மாற்றும் அறையிலும் சொல்லிவிட்டேன். நினைத்த மாதிரியே 'முக்கால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழகிவிடும்.

வாசலில் இருந்த செருப்பு அலமாரியைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டேன். தரை துடைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டதால் உங்கள் அண்ணியும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை படத்தைக் கூடத்தின் கடைசியில், அன்று அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வாசலிலிருந்து அளந்து பார்த்தேன், பதினைந்து அடி இல்லை, பதினெட்டு.

விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள். நீங்கள் வரும் அன்று காலையில் நானே தரையை நன்றாக நனைத்துத் துடைத்து வைக்கிறேன். யாராவது கேட்டால் சின்ன மாப்பிள்ளைக்கு ஈரத்தரை ஒத்துக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வாசலில் நிற்காமல் நேரே அத்தையிடம் போங்கள்.

பெரியவன்